பின்னக் கணக்கும் நான் ஆட்டிய தலையும்

ஐம்பத்தெட்டு வயதில் நான் மறுபடியும் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் போய் இருந்தேன். படிக்க ஆசைப்பட்டுப் போகவில்லை. சோறு சமைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு இருத்தினார்கள்.

பாதை திறந்து, யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஓடத் தொடங்கியதற்கு அடுத்த வருடம் அது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அப்போது படிப்பித்தவர்கள் அநேகம் பேர் தொண்டர் ஆசிரியர்கள். சண்டைக் காலத்தில் வெளியிலிருந்து ஆசிரியர்கள் வர முடியாமல் போக, ஊரில் கொஞ்சம் படித்தவர்கள் தாங்களாகவே வெண்கட்டியைக் கையில் எடுத்தார்கள். சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பயிற்சியும் இல்லை. தங்களுக்குச் சின்ன வயதில் எப்படிச் சொல்லித் தந்தார்களோ அப்படியே தாங்களும் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி வகுப்பு வந்தது. சனி ஞாயிறுகளில், இரணைமடுவுக்குக் கிட்ட இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் நடக்கும். கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, ஒவ்வொருவரும் பாடம் நடத்துவதை இருந்து பார்ப்பார்கள். சரியென்று கண்டால் நிரந்தர நியமனத்துக்குப் பெயர் போகும். இருபது பேர் வந்தார்கள். எல்லாரும் சைக்கிளில்தான். மல்லாவிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் வந்து சேரும்போது சேட்டு முதுகோடு ஒட்டியிருக்கும்.

மத்தியானச் சாப்பாடு சமைக்க ஒரு ஆள் வேண்டும் என்று அதிபர் என்னைக் கேட்டார். நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிற ஆள். கடையில் சாமான் கேட்பதற்கே, முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் போகட்டும் என்று காத்து நிற்பேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஓலையால் வேய்ந்த குசினி ஒன்று இருந்தது. அதற்குள் இருந்தால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்று நினைத்துத்தான் ஓம் என்றேன்.

குசினிக்கும் வகுப்புக்கும் நடுவில் அரைச் சுவர்தான். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்கலாம். சனிக்கிழமையில் பிள்ளைகள் வரமாட்டார்கள் அல்லவா? அதனால் ஒருவர் படிப்பிக்க, மற்றவர்கள் பிள்ளைகளாக நடிப்பார்கள். அதைப் பார்க்க எனக்கு ஒரே சிரிப்பு. மீசை வைத்த ஆம்பிளைகள் வாங்கில் நெருக்கி இருந்துகொண்டு, "ரீச்சர், இவன் என்னைக் கிள்ளுறான்" என்பார்கள். இன்னொருவர் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நெளிவார். கேள்வி கேட்டால் மட்டும் பத்தொன்பது கைகளும் ஒன்றாக மேலே போகும்.

பயிற்சி கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ரீச்சர் வருவார். ஓய்வு பெற்றவர், மெலிந்த ஆள், வெயில் இல்லாவிட்டாலும் குடையை விடமாட்டார். மூன்றாவது வாரம் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் மறுமொழி தெரியும். தெரிஞ்சவைக்குப் படிப்பிக்கிறது படிப்பிப்போ? உண்மையாவே தெரியாத ஒராள் எனக்கு வேணும்" என்றார். பிறகு அரைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?"

ஐம்பத்தெட்டு வயதில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட வேறு யாரும் இருக்கவில்லை. அந்தச் சந்தோசத்தில் மறுமொழி வாயில் வந்துவிட்டது.

"அஞ்சு."

"நல்லது. வாங்கோ."

"சோறு அடுப்பிலை கிடக்கு."

"சோத்தைப் பாக்க இருபது வாத்திமார் இருக்கினம். வாங்கோ."

இருபது பேர் பார்த்தும் அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. அது வேறு கதை.

நான் படித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்து வயதில், இரணைமடுத் தண்ணீருக்குக் காணி கொடுக்கிறார்கள் என்று அப்பா எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கூட்டி வந்தார். வீட்டைச் சுற்றிக் காடு. பள்ளிக்கூடம் ஆறு மைலுக்கு அப்பால். படிப்பு அதோடு நின்றது. வாசிப்பேன், எழுதுவேன், கூட்டல் கழித்தல் வரும். மற்றதெல்லாம் மறந்து போயிற்று.

இரண்டாவது வாங்கில் என்னை இருத்தினார்கள். பாடம் முடிந்ததும் படிப்பித்தவர் என்னைப் பார்த்து, "விளங்கிச்சுதோ பெரியம்மா?" என்று கேட்பார். நான் ஓம் என்று தலையாட்டுவேன். விளங்கினதோ இல்லையோ தலையாட்டினேன். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே இல்லை என்று எப்படிச் சொல்வது? சாப்பாட்டுக்கு வந்தவர்கள் என் கறியில் உப்புக் கூடினாலும் நல்லாயிருக்கு என்றுதானே சொல்கிறார்கள். அதே மரியாதைதான் இதுவும் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமைக்குள் நான் பெரிய ஆளாகிவிட்டேன். ரீச்சர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து ஒவ்வொருவராகக் குசினிக்கு வருவார்கள்.

"பெரியம்மா, நாளைக்கு என்ரை பாடம். விறகு கொத்தித் தரவோ?"

"போன ஞாயிறு கொத்தினது போதும், மோனை."

"அப்ப தேங்காய் திருவவோ?"

அப்படி ஒன்றும் கேட்காமலே உதவி செய்தவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மல்லாவிக்கு அப்பால், காட்டோரத்தில் இருந்த ஒரு சின்ன ஊர் அவருடையது. பதினொரு வருடமாக அங்கே ஒரு பாலை மரத்துக்குக் கீழே மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துப் படிப்பித்து வந்தார். வகுப்பில் அவர்தான் வயதில் மூத்தவர், காதோரம் நரைத்திருந்தது. இதற்கு முன் ஒரு தடவை நடந்த பயிற்சியில் அவர் சரிவரவில்லை. நியமனத்துக்கு வயதெல்லை ஒன்று இருந்தது. இந்த முறை தவறினால் அவருக்கு வயது போய்விடும். வேறு யாராவது இளம் ஆள் அந்த இடத்துக்கு வருவார், இவர் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். இது எல்லாருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார். பெரிய சோற்றுப் பானையை இறக்க நான் சீலைத் தலைப்பைச் சுற்றும்போதே, "விடுங்கோ அக்கா" என்று வந்து நிற்பார்.

மூன்று வகுப்புக்கும் கேட்கவேண்டும் என்று கத்திக் கத்தி அவருடைய குரல் பெரிதாகிப் போயிருந்தது. பாடம் தொடங்கினால் கூரைத் தகரம் அதிரும். "தம்பி, உங்கடை சத்தம் பளை ஊர் வரைக்கும் கேக்குது. அங்கை வேறை வாத்திமார் இருக்கினம், நீங்கள் எங்களுக்குச் சொன்னாக் காணும்" என்று ரீச்சர் ஒருநாள் சொன்னார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வசனத்தை அதே சத்தத்தில்தான் சொன்னார்.

அவருக்குக் கிடைத்தது பின்னக் கணக்கு. பகுதியெண், தொகுதியெண் என்று பலகை நிறைய எழுதினார். மூன்றில் ஒன்று பெரிது, நான்கில் ஒன்று சிறிது என்றார். "விளங்கிச்சுதோ அக்கா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோசமாக இருந்தது.

அன்று பின்னேரம் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ரீச்சர் குடையோடு வந்து பக்கத்துக் கல்லில் இருந்தார்.

"தங்கச்சி, நாலிலை ஒண்டு பெரிசோ, மூண்டிலை ஒண்டு பெரிசோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். "நாலிலை ஒண்டு."

"ஏன்?"

"நாலுதானே பெரிசு."

"அப்ப ஏன் விளங்கினதெண்டு தலையாட்டினீங்கள்?"

"அந்தத் தம்பி பாவம், ரீச்சர்."

அவர் சிரித்த சிரிப்பில் குடை நழுவிச் சேற்றில் விழுந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகுதான் மெல்லச் சொன்னார்.

"அவன் கெட்டிக்காரன். ஆனா ஒரே மாதிரித்தான் சொல்லுவான். விளங்காட்டி அதையே இன்னும் சத்தமாச் சொல்லுவான். நான் எத்தினை தரம் சொல்லிப் பாத்திட்டன். 'அந்த அக்காவுக்கு விளங்கினதுதானே ரீச்சர்' எண்டு எனக்கே மறுமொழி சொல்லுறான். வாற ஆக்களுக்கு முன்னாலையும் இதைத்தான் செய்வான். அவை சிரிச்சுப்போட்டு எழுதாமல் போவினம்."

நான் கழுவின சட்டியையே மறுபடியும் தேய்த்தேன்.

"அதோடை, பாலை மரத்துக்குக் கீழை இருக்கிற பிள்ளையளும் உங்களை மாதிரித்தான் தலையாட்டுங்கள். அதுகளுக்கும் அவனிலை விருப்பம்."

அது எனக்குச் சுட்டது. நானும் சின்ன வயதில் தலையாட்டிய பிள்ளைதான். விளங்கினதா என்று வாத்தியார் கேட்டதும் வகுப்பு முழுக்க ஓம் என்று சொல்லும். நானும் சேர்ந்து சொல்வேன். வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கடைசிப் பாடத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமை போனேன். பானையை இறக்க வந்தார். "தம்பி" என்றேன். "சொல்லுங்கோ அக்கா" என்றார். "சொதிக்கு மாங்காய் போடவோ, புளி போடவோ?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க என்னை நானே திட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவர், "அக்கா, நீங்கள் முன்னுக்கு இருந்தாத்தான் எனக்குத் தைரியம். நீங்கள் தலையாட்டினாப் பிறகு எனக்குப் பயமில்லை" என்றார். அதற்குப் பிறகு எங்கே சொல்வது?

அந்தக் கட்டடம் பிறகு வந்த சண்டையில் இல்லாமல் போயிற்று. அதை எழுத இந்தக் கொப்பியை எடுக்கவில்லை. அந்த நாளை எழுதத்தான் எடுத்தேன்.

அலுவலகத்திலிருந்து ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும் வந்து பின்னால் கதிரைகளில் இருந்தார்கள். மடியில் கடதாசிகள். நாலாவதாக அந்தத் தம்பியைக் கூப்பிட்டார்கள். சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிய வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பாடம் தொடங்கியது. கூரை அதிர்ந்தது. அந்த ஐயா ஒரு காதைப் பொத்துவது போல் கையை வைத்துவிட்டு, பிறகு மரியாதைக்கு எடுத்துவிட்டார். பலகை நிறைந்தது. அவர் திரும்பி, என்னைப் பார்த்து, நிச்சயமாக வரும் என்று தெரிந்த ஒன்றுக்குக் காத்திருப்பவர் போலச் சிரித்தார்.

"விளங்கிச்சுதோ அக்கா?"

என் தலை தானாக ஆடப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

"இல்லைத் தம்பி."

குசினியில் பருப்புக் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவர் என்னையே பார்த்தார். வெண்கட்டி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. பின்னால் பேனை கடதாசியில் ஓடியது. எனக்கு வாங்கோடு சேர்ந்து தாழ்ந்து போகலாம் போல் இருந்தது.

அவர் மறுபடியும் பலகைக்குப் போய், அதே வசனங்களை, இன்னும் பெரிய சத்தத்தில் சொன்னார்.

"இப்ப விளங்கிச்சுதோ?"

"இன்னும் இல்லைத் தம்பி."

பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். பிறகு இரண்டு மூன்று பேர். அவர் முகம் கறுத்துவிட்டது. ரீச்சர் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அந்தத் தம்பி வெண்கட்டியை வைத்துவிட்டு வந்து, எனக்கு முன்வாங்கில் என்னைப் பார்த்தபடி இருந்தார். அவர் வகுப்பில் இருந்துகொண்டு கதைத்ததை அன்றுதான் கண்டேன்.

"அக்கா, எந்த இடம் விளங்கேல்லை?"

இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

"நாலு பெரிசு, மூண்டு சின்னன். ஆனா நீங்கள் மூண்டுதான் பெரிசெண்டுறியள். அது எப்பிடி?"

அவர் நாடியைத் தடவினார். "உங்கடை வயலுக்கு எங்கையிருந்து தண்ணி வருது?"

"வாய்க்காலாலை. முறைத் தண்ணி."

"ஒரு நாள் முறையை எத்தினை பேர் எடுக்கிறியள்?"

"முதல் மூண்டு பேர். பிறகு பக்கத்து வீட்டுக்காரன் தன்ரை மச்சானையும் கொண்டுவந்து சேத்திட்டான். நாலு பேர்." சொல்லும்போதே எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அவன் வந்த பிறகு எங்களுக்கு வாற தண்ணி கடைசி வரம்படிக்கு வரவே வராது. நெல்லு அந்த மூலையிலை மஞ்சளாப் போச்சுது. என்ரை மனிசன் மண்வெட்டியோடை போய்ச் சண்டை பிடிச்சவர். அந்த மச்சான் என்ன சொன்னவன் தெரியுமோ? எல்லாருக்கும் ஒரு பங்குதானே, அதே ஒரு பங்கு உங்களுக்கும் வருதுதானே எண்டான்."

"அப்ப உங்கடை மனிசன் என்ன சொன்னவர்?"

"ஒரு பங்குதான், ஆனா நாலு பேர் பிரிச்ச ஒரு பங்கெடா எண்டு..."

நின்றுவிட்டேன். பலகையைப் பார்த்தேன். மேலே ஒன்று. கோடு. கீழே நாலு.

"தம்பி, கீழை இருக்கிறது எத்தினை பேர் எண்டதோ?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆக்கள் கூடக் கூடப் பங்கு சின்னனாப் போகும். அப்ப அஞ்சிலை ஒண்டு இன்னும் சின்னன்."

"ஆறிலை ஒண்டு?"

"அதுக்கு வயலை வித்துப்போட்டுப் போகலாம்."

வகுப்பு முழுக்க சிரித்தது. கதிரையில் இருந்த ஐயாவும் சிரித்தார். அவரும் வயல்காரர் வீட்டுப் பிள்ளையாம். முறைத் தண்ணீரில் அந்த மச்சான் செய்தது சரியோ பிழையோ என்று அவர் கேட்க, பின் வாங்குக்காரர் இருவர் மச்சான் பக்கம் நின்று வாதாட, பக்கத்தில் இருந்த அம்மா மணிக்கூட்டைக் காட்டித்தான் நிறுத்தினார்.

பிறகு அந்த ஐயா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அந்தத் தம்பியிடம் கேட்டார். "உண்மையைச் சொல்லும். இந்த அம்மாவை இல்லை எண்டு சொல்லச் சொல்லி நீர்தானே ஒழுங்கு பண்ணினீர்?"

"ஐயா, நான் ஒழுங்கு பண்ணுறதெண்டா ஓம் எண்டு சொல்லச் சொல்லித்தானே பண்ணியிருப்பன்?"

ஐயா சிரித்தார். ஆனால் கடதாசியில் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. அன்றைய சாப்பாட்டில் அந்தத் தம்பி எனக்கு முகம் தரவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தில், வேலியடியில் இருந்து சாப்பிட்டார். பானையை இறக்கவும் வரவில்லை. நான் ரீச்சரிடம் கேட்டேன். "அது என்ரை கையிலை இல்லைத் தங்கச்சி" என்றார். வகுப்பு அன்றோடு முடிந்தது.

இரண்டு மாதம் எனக்கு நிம்மதி இல்லை. பதினொரு வருடம் படிப்பித்த ஒருவரின் வாழ்க்கையை நான் ஒரு சொல்லால் கெடுத்துப்போட்டேனோ என்று நினைப்பேன். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். மகன் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்றான். எனக்கு அதைக் கேட்கவும் பிடிக்கவில்லை.

ஒருநாள் காலை படலையில் சைக்கிள் மணி அடித்தது. அவர்தான். பின்னால் கரியரில் ஒரு பெண், அவருடைய மனைவி. இறங்கினதும் இறங்காததுமாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்கள்தானோ அந்த அக்கா? அண்டைக்கு வந்து சைக்கிளை இன்னும் நிப்பாட்டேல்லை, உங்களை ஏசத் தொடங்கினவர்."

"சும்மா இரும்" என்றார் அவர்.

"என்ன சும்மா இருக்கிறது? சமைக்க வந்த மனிசி சமைச்சுக்கொண்டு இருக்கலாம்தானே எண்டு சொன்னது ஆர்? பிறகு சாப்பிட்டுப்போட்டு, அவா சொன்னது சரிதான் எண்டு சொன்னதும் நீங்கள்தானே?"

அவர் காது சிவந்துபோய்ச் சேட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "வாசியுங்கோ அக்கா."

முற்றத்து வேம்பின் கீழ் நின்று நானே வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக. நிரந்தர நியமனம் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் வாசித்தேன். போட்டிருந்தது அதே ஊர்தான், அதே பாலை மரத்தடிப் பள்ளிக்கூடம். இருவரையும் மாமரத்தடி வாங்கில் இருத்தினேன். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன்.

அவள் அதை மடித்துக்கொண்டே சொன்னாள்: "உள்ளதைச் சொல்லுறன் அக்கா, எனக்கும் அந்தக் கணக்கு விளங்கேல்லை. கேட்டா வாய்க்கால் எண்டுறார், முறைத் தண்ணி எண்டுறார். நான் முல்லைத்தீவுக் கரையிலை பிறந்தவள். வாய்க்காலுக்கு நான் எங்கை போறது?"

அவர் வாங்கிலிருந்து இறங்கி அவளுக்கு முன்னால் குந்தினார்.

"உம்மடை அப்பாவின்ரை வள்ளத்திலை எத்தினை பேர் போறவை?"

"நாலு பேர்."

"பட்ட மீனை எப்பிடிப் பிரிக்கிறவை?"

நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன். அவர் குரல் உள்ளே கேட்கவில்லை, அவ்வளவு மெல்லக் கதைத்தார். தண்ணீர் கொதித்து வரும்போது அவளுடைய குரல்தான் கேட்டது.

"அப்ப, சித்தப்பா காய்ச்சலெண்டு கடலுக்குப் போகாத நாளிலை எங்கடை வீட்டுக்கு மீன் கூடுதலா வாறது அதாலைதானோ?"